அரிசி தேடி வந்த கொம்பன்

2023 ஜூன் மாதம். பாறசாலைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். காலை நேரம். டீக்கடையில் நல்ல கூட்டம். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசித்தார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அரிக்கொம்பனைக் கோதையாற்று மலையில கொண்டு விட்டாச்சாம்” என்றார் அவர்.

பால் வாங்க வந்த பாட்டி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அது எங்க இருக்கு மக்கா?”

“இந்தா, நம்ம மலைக்கு அந்தப் பக்கந்தான் பாட்டி.”

“அப்போ நம்ம வீட்டு அரிசிப் பானைக்கும் காவல் வேணுமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அம்பூரிப் பக்கம் நிலம் வைத்திருந்த ஒருவர் சிரிக்கவில்லை. அவருடைய மரச்சீனித் தோட்டத்தைப் பன்றி கிளறிப் போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. இனி யானையுமா என்று அவர் கவலைப்பட்டார்.

அவருடைய கவலை வீண் கவலை அல்ல. நெய்யாறு எங்கே பிறக்கிறது? அகத்தியர் மலையில் பிறக்கிறது. 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலில் சேர்கிறது. கோதையாறும் அதே மலைத்தொடரில்தான் பிறக்கிறது. மலைக்கு ஒரு பக்கம் கேரளம். மறுபக்கம் தமிழ்நாடு. இந்த எல்லைக்கோடு நம் வரைபடத்தில் இருக்கிறது. காட்டில் இல்லை. யானைக்கு அது ஒரே காடு.

அன்று டீக்கடையில் ஒரு கேள்வி எழுந்தது. யானை புல் தின்னும். இலை தின்னும். மூங்கில் தின்னும். அரிசியை ஏன் தேடிப் போகிறது? கடையை உடைத்து அரிசி தின்னும் பழக்கம் ஒரு காட்டு யானைக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் நம் தோட்டத்துக்கு வரும் மற்ற விலங்குகளையும் புரிந்துகொள்ளலாம்.

பெயர் வந்த கதை

மலையாளத்தில் அரி என்றால் அரிசி. கொம்பன் என்றால் தந்தம் உள்ள ஆண் யானை. அரிசி தின்னும் கொம்பன் அரிக்கொம்பன் ஆனது. எல்லையோர மக்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த யானை இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானல் பகுதியில் வாழ்ந்தது. அங்கே இன்னொரு கொம்பனும் உண்டு. அதன் பெயர் சக்கைக்கொம்பன். அதற்குச் சக்கைப்பழம் என்றால் உயிர். தின்னும் பொருளை வைத்தே மக்கள் யானைகளுக்குப் பெயர் வைத்தார்கள்.

அரிக்கொம்பன் ரேஷன் கடையை உடைக்கும். மளிகைக் கடையை உடைக்கும். வீட்டுச் சுவரையும் இடிக்கும். உள்ளே துதிக்கையை விட்டு அரிசி மூட்டையை இழுக்கும். பன்னியார் தேயிலைத் தோட்டத்து ரேஷன் கடையை அது பலமுறை உடைத்தது. அந்தக் கடை அரிசியை நம்பி இருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் தமிழர்கள். கடை உடைந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தப் பகுதியில் யானைகள் தாக்கி மனிதர்கள் இறந்தும் இருக்கிறார்கள். எனவே இது வேடிக்கைக் கதை அல்ல.

யானையின் வயிறு

யானை ஏன் இப்படிச் செய்கிறது என்று அறிய, முதலில் அதன் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்த யானை ஒரு நாளில் சுமார் 150 கிலோ தீனி தின்னும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தின்பதில் பாதிகூட அதற்குச் செரிப்பதில்லை. மீதி சாணமாகப் போய்விடும். அதனால்தான் யானைச் சாணத்தில் நார் நாராக இருக்கிறது. முழு விதைகளும் கிடக்கின்றன. அந்த விதைகள் முளைத்துக் காட்டில் மரங்களாகின்றன.

பாதிகூடச் செரிக்காததால் யானை நிறையத் தின்ன வேண்டும். ஒரு நாளில் 16 மணி நேரம்கூடத் தின்பதிலும் தேடுவதிலுமே போய்விடும். நாம் எட்டு மணி நேரம் வேலை செய்கிறோம். யானை நம்மைப்போல் இரண்டு மடங்கு நேரம் வயிற்றுக்காக உழைக்கிறது.

யானையின் பல்லும் வேறு மாதிரி. நமக்குப் பால்பல் விழுந்து ஒருமுறை புதுப்பல் முளைக்கும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் வரும். ஒன்று தேயத் தேயப் பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வரும். ஆறாவது பல்லும் தேய்ந்துவிட்டால் யானையால் புல்லை மெல்ல முடியாது. அதோடு அதன் காலம் முடிந்துவிடும்.

புல்லில் மண் ஒட்டியிருந்தால் பல் விரைவில் தேயும். அதனால் யானை புல்லைப் பிடுங்கிக் காலில் அடித்து மண்ணை உதறும். தண்ணீர் இருந்தால் அலசித் தின்னும்.

அரிசி ஏன் பிடிக்கிறது?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பக்கம் நாள் முழுவதும் நடந்து தேடும் புல். மறுபக்கம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் அரிசி மூட்டை. மெல்லுவது எளிது. மாவுச்சத்து நிறைய. 16 மணி நேரத்தில் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு சில நிமிடங்களில் கிடைக்கிறது. யானையின் இடத்தில் யார் இருந்தாலும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

அரிசி உள்ளே இருப்பது யானைக்கு எப்படித் தெரியும்? அதன் மூக்கு சொல்லிவிடும். மணம் அறிவதற்கான மரபுக் கூறுகள் நாய்க்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்கு யானைக்கு இருக்கின்றன. பூட்டிய கதவு மனிதர்களைத்தான் தடுக்கும். வாசனையைத் தடுக்காது.

உப்பும் ஒரு காரணம். பெரிய தாவர உண்ணிகளுக்குப் புல்லிலும் இலையிலும் போதிய உப்பு கிடைப்பதில்லை. அதனால் உப்பு மண் இருக்கும் இடத்தைத் தேடிப்போய் மண்ணைத் தின்னும். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் எல்கன் என்றொரு மலை உண்டு. அங்கே கிட்டும் என்ற குகை இருக்கிறது. யானைகள் இருட்டில் தட்டுத் தடவி அந்தக் குகைக்குள் போகின்றன. தந்தத்தால் பாறையைக் குத்தி உடைக்கின்றன. உடைந்த உப்புப் பாறையைத் தின்கின்றன. அடுக்களைச் சுவரை யானை இடிக்கும்போது சில சமயம் அது தேடுவது அரிசியை மட்டும் அல்ல. உப்புப் பரணியையும்தான்.

எல்லா யானைகளும் இப்படிச் செய்வதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் 1980-களில் தமிழ்நாடு, கர்நாடக எல்லைக் காடுகளில் யானைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வளர்ந்த ஆண் யானைகள்தான் பெண் யானைகளைவிட அதிகமாகப் பயிரைத் தேடி வருகின்றன என்று அவர் கண்டார்.

ஏன் ஆண் யானை? பெண் யானைகள் குட்டிகளோடு கூட்டமாக வாழ்கின்றன. குட்டிக்கு ஆபத்து வரும் இடத்துக்கு அவை எளிதில் வரா. ஆண் யானை வளர்ந்ததும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்துவிடும். அதற்குப் பெரிய உடம்பும் வேண்டும், பலமும் வேண்டும். மற்ற ஆண் யானைகளோடு மோதி வென்றால்தான் துணை கிடைக்கும். நல்ல தீனி கிடைத்தால் பலம் வரும். அதற்காக அது ஆபத்தைத் துணிந்து ஏற்கிறது.

பெரிய ஆண் யானை போகும் வழியில் இளைய ஆண் யானைகளும் போகும். பார்த்துக் கற்றுக்கொள்ளும். இப்படித்தான் ஒரு யானையின் பழக்கம் நான்கு யானைகளின் பழக்கம் ஆகிறது.

யார் வழியில் யார்?

சின்னக்கானல் அருகே ஓர் அணை இருக்கிறது. அதன் பெயர் ஆனையிறங்கல். யானை இறங்கி வரும் இடம் என்று பொருள். யானை அங்கே எவ்வளவு காலமாக வருகிறது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

முதலில் காடு தேயிலைத் தோட்டம் ஆனது. தேயிலையை யானை தின்னாது. பிறகு அணை வந்தது. யூக்கலிப்டஸ் தோட்டமும் வந்தது. யூக்கலிப்டஸும் யானைக்கு உணவு ஆகாது. 2000-களின் தொடக்கத்தில் நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அங்கே அரசு நிலம் கொடுத்தது. அந்தக் குடியிருப்புக்கு 301 காலனி என்று பெயர். நிலம் யானைகள் நடமாடும் வழியில் இருந்தது. பல குடும்பங்கள் பயந்து வெளியேறிவிட்டன.

அந்தக் குடும்பங்கள் மேல் குற்றம் இல்லை. அவர்கள் கேட்டது பிழைக்க ஒரு துண்டு நிலம். யானைமேலும் குற்றம் இல்லை. அது நடந்தது தன் பழைய வழியில். இருவரையும் ஒரே இடத்தில் சந்திக்க வைத்ததுதான் தவறு.

மூன்று காடுகள் கண்ட யானை

அரிக்கொம்பனைப் பிடிக்க வேண்டும் என்று சின்னக்கானல் மக்கள் போராடினார்கள். வனத்துறை ஒரு திட்டம் போட்டது. போலியாக ஒரு ரேஷன் கடை அமைத்தது. அரிசி வாசனை காட்டி யானையை வரவழைக்கலாம் என்று எண்ணியது. அதற்குள் வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் நிபுணர் குழுவை அமைத்தது. யானையைக் கூண்டில் அடைக்காமல் வேறு காட்டில் விட வேண்டும் என்று முடிவாயிற்று.

2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பனுக்கு மயக்க ஊசி போட்டார்கள். நான்கு கும்கி யானைகள் அதை லாரியில் ஏற்றின. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். யானை எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பட்டை காட்டும். பிறகு பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27 அன்று அரிக்கொம்பன் மலை இறங்கித் தமிழ்நாட்டில் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. மக்கள் ஓடினார்கள். ஒருவர் காயம்பட்டுப் பிறகு இறந்தார். ஊரில் தடை உத்தரவு போட்டார்கள்.

ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை தேனி மாவட்டத்தில் அதை மீண்டும் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. மேல் கோதையாற்றுக்கு அருகே முத்துக்குழிக் காட்டில் கொண்டுபோய் விட்டது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. அந்தச் செய்தியைத்தான் டீக்கடையில் வாசித்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? கோதையாற்றுக் கரையில் அரிக்கொம்பன் புல்லைத் தண்ணீரில் அலசித் தின்னும் காட்சியைத் தமிழ்நாடு வனத்துறை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பகுதிக்கு வந்தது. மக்கள் பயந்தார்கள். சில நாட்களில் மறுபடியும் மேல் கோதையாற்றுக் காட்டுக்கே திரும்பியது. அம்பூரிக்காரர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை.

ரேஷன் கடையை உடைத்த அதே யானைதான் ஆற்றங்கரையில் புல் தின்றது. அரிசி இல்லாமல் அதனால் வாழ முடிந்தது. ஆனால் சின்னக்கானல் அதன் சொந்த இடம். அங்கே அதற்குப் பழகிய வழிகளும் பழகிய யானைகளும் இருந்தன. அதை எல்லாம் இழந்த பிறகுதான் அதற்கு இந்தப் புல் கிடைத்தது. சின்னக்கானல் மக்களும் பலவற்றை இழந்த பிறகுதான் இது நடந்தது.

நம் தோட்டத்து விருந்தாளிகள்

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் அரிக்கொம்பன் வரவில்லை. ஆனால் வேறு விலங்குகள் வருகின்றன. அவற்றின் தீனிப் பழக்கங்களிலும் விந்தைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் உண்டு.

பன்றியும் மரச்சீனியும்: காட்டுப்பன்றிக்கு மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கின் வாசனை தெரியும். அதன் மூக்கு மண்வெட்டி போன்றது. மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுக்கும். அதோடு மண்புழு, வண்டுப்புழு, பாம்பு, செத்த விலங்கு எல்லாவற்றையும் தின்னும். காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை பன்றியைத் தின்று அதன் தொகையைக் குறைக்கும். ஊர்ப்பக்கம் அவை குறைவு. வெட்டாமல் விட்ட ரப்பர் தோட்டங்களில் புதர் வளர்கிறது. அங்கே பகலில் பன்றி ஒளிந்துகொள்கிறது. வழியோரம் சிலர் கோழிக்கழிவைக் கொட்டுகிறார்கள். அது பன்றிக்கு விருந்து. கழிவுக்கு வந்த பன்றி, பக்கத்துத் தோட்டத்தை விட்டுவிடுமா?

முள்ளம்பன்றியும் எலும்பும்: முள்ளம்பன்றி கிழங்கும் வேரும் பட்டையும் தின்னும். அதோடு காட்டில் கிடக்கும் எலும்பையும் மான் கொம்பையும் கடிக்கும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முள்ளம்பன்றியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமான பொருளைக் கடித்தால் பல் தேய்ந்து அளவாக இருக்கும். ஒரே எலும்பில் அதற்கு உணவும் கிடைக்கிறது, பல்லும் தேய்கிறது.

நத்தையும் சுவரும்: மழை நாளில் பெரிய நத்தைகள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது ஆப்பிரிக்க நத்தை. 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு நாடெங்கும் பரவியது. பப்பாளி, வாழை, காய்கறிச் செடி எல்லாம் தின்னும். சுவரை ஏன் சுரண்டுகிறது? அதன் ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுவரில் சுண்ணாம்பும் சிமெண்டும் இருக்கின்றன. இந்த நத்தையை வெறும் கையால் தொடக்கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதன் உடம்பில் இருக்கலாம். ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் நத்தைகள் அங்கே கூடும். கையுறை போட்டு எடுத்து உப்பு நீரில் போட்டுக் கொல்லலாம்.

மரநாயும் கள்ளும்: மரநாயை இங்கே மரப்பட்டி என்றும் சொல்வார்கள். ஓட்டு வீட்டு மச்சில் இரவில் ஓடும் விலங்கு இதுதான். பனையிலும் தென்னையிலும் ஏறிக் கள்ளுப் பானையில் வாய் வைக்கும். ஆங்கிலேயர் இதற்குக் கள்ளுப்பூனை என்றே பெயர் வைத்தார்கள். அதற்கு வேண்டியது போதை அல்ல. இனிப்பு. பழுத்த பழமாகப் பார்த்துத் தின்னும். விதையைச் செரிக்காமல் வெளியேற்றும். அப்படிப் பல மரங்கள் முளைக்கின்றன. காப்பிப் பழம் தின்று அது போடும் கொட்டையைக் கழுவி, வறுத்து, உலகில் மிக அதிக விலைக்கு விற்கிறார்கள்.

வவ்வாலும் பழமும்: பழந்தின்னி வவ்வால் பழத்தை அப்படியே விழுங்காது. வாயில் போட்டு மெல்லும். சாற்றை உறிஞ்சும். சக்கையைத் துப்பிவிடும். பறக்கும் உடம்பு கனமாக இருக்கக் கூடாது அல்லவா? ஆனால் துப்பிய சக்கையிலும் கடித்த பழத்திலும் அதன் எச்சில் இருக்கும். நிபா என்ற நோய்க்கிருமி வவ்வாலின் எச்சிலில் இருக்கக்கூடும். 2018-இல் கோழிக்கோடு, மலப்புறம் பகுதியில் நிபா நோயால் 17 பேர் இறந்தார்கள். பிறகும் சில ஆண்டுகளில் அது கேரளத்தில் வந்தது. வங்கதேசத்தில் ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு இந்த நோய் வந்தது. வவ்வால் அந்தப் பானையிலும் வாய் வைத்திருந்தது. எனவே பல் தடம் பட்ட பழத்தைத் தின்னக் கூடாது. கீழே விழுந்த பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னவும் விடக்கூடாது. பானைக்கு மூடி போட வேண்டும். அதற்காக வவ்வாலை விரட்டவோ கொல்லவோ வேண்டாம். கலைந்த வவ்வால் இன்னும் பல இடங்களுக்குப் பரவும். இரவில் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும், விதைகளைப் பரப்புவதும் அதுதான்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கு மாவுச்சத்து. இரண்டுக்குச் சுண்ணாம்பு. இரண்டுக்கு இனிப்பு. யானைக்கு அரிசியும் உப்பும். எந்த விலங்கும் நம்மைக் கெடுக்க வேண்டும் என்று வருவதில்லை. உடம்புக்கு வேண்டியது எங்கே எளிதில் கிடைக்கிறதோ அங்கே வருகிறது.

கோபத்தில் செய்யும் தவறு

ஆறு மாதம் பாடுபட்ட மரச்சீனி ஒரே இரவில் போனால் யாருக்கும் வயிறு எரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் செய்யும் சில செயல்கள் நம்மையே கொல்லும்.

சிலர் பன்றிக்காகப் பழத்திலோ தேங்காயிலோ வெடி வைக்கிறார்கள். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் அப்படி வைத்த வெடியை ஒரு பெண் யானை கடித்தது. வாய் சிதைந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் அதனால் எதையும் தின்ன முடியவில்லை. வலி தாங்காமல் வெள்ளியாற்றில் இறங்கி, வாயைத் தண்ணீரில் வைத்தபடியே நின்றது. மே 27 அன்று நின்ற நிலையிலேயே இறந்தது. அதன் வயிற்றில் குட்டி இருந்தது. வெடி வைத்தவர் குறி வைத்தது பன்றிக்கு. கடித்தது யானை. அந்த இடத்தில் ஒரு குழந்தை இருந்திருந்தால்?

இன்னும் சிலர் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சுகிறார்கள். இந்தக் கம்பியில் பன்றி மட்டும் சாவதில்லை. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனவரும் செத்திருக்கிறார். இது சட்டப்படி குற்றம். சூரிய மின்வேலி வேறு. அதில் விட்டு விட்டு வரும் சிறு அதிர்ச்சி விலங்கை விரட்டும். கொல்லாது.

என்ன செய்யலாம்?

• கோழிக்கழிவையும் சோற்றுக்கழிவையும் வழியோரம் கொட்டாமல் இருக்கலாம். மற்றவர் கொட்டினால் பஞ்சாயத்தில் சொல்லலாம்.

• தோட்டத்தை ஒட்டிய புதர்களை எல்லோரும் சேர்ந்து வெட்டலாம். ஒருவர் மட்டும் வெட்டினால் பயன் குறைவு.

• யானை வரும் மலையோரத்தில் சக்கையைப் பழுக்க விடாமல் முன்பே பறித்துவிடலாம். வாசனை இல்லாவிட்டால் யானைக்கு அழைப்பும் இல்லை.

• அரிசியையும் உப்பையும் மெல்லிய சுவரை ஒட்டி வைக்காமல் வீட்டின் உள்பக்கம் இறுக மூடி வைக்கலாம். மனிதர் படுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

• குரங்குக்கு வேடிக்கையாகத் தீனி போடாமல் இருக்கலாம். இன்று கையில் வாங்கும் குரங்கு நாளை அடுக்களைக்குள் வரும்.

• பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைப் பற்றிப் பஞ்சாயத்துத் தலைவரிடம் புகார் கொடுக்கலாம். சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அப்போதும் உரிமம் உள்ள துப்பாக்கியால்தான் சுட வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது.

• காட்டு விலங்கால் பயிர் அழிந்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். அக்ஷயா மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அழிந்த பயிரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வால்பாறை காட்டிய வழி

கோயம்புத்தூர் மாவட்டத்தில் வால்பாறை இருக்கிறது. சின்னக்கானலைப் போலவே தேயிலைத் தோட்டங்களும் யானைகளும் நிறைந்த இடம். அங்கேயும் யானைகள் ரேஷன் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் உடைத்தன. மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்கள் இருட்டில் யானைமேல் மோதி இறந்தார்கள்.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்று யானை எங்கே நிற்கிறது என்று மக்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சியில் எழுத்தாக ஓட விட்டார்கள். யானை அருகே இருந்தால் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்தவர் அந்த வழியே போகமாட்டார். மக்களே அந்த விளக்கைக் கைப்பேசியால் எரிய வைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் செய்தியும் போனது. மரணங்கள் குறைந்தன.

அங்கே யாரும் யானையைப் பிடித்து வேறு காட்டுக்கு அனுப்பவில்லை. செய்தி போய்ச் சேர்ந்தது. மக்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான். எழுத்து தெரிந்தால் உயிரும் பிழைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மீண்டும் டீக்கடைக்கு வருவோம். பன்றி கிளறிய தோட்டத்துக்காரர் இழப்பீடு கேட்கவே இல்லை.

“காகிதம் எல்லாம் யாரு எழுதுவா? நமக்கு ஒண்ணும் கிடைக்காது” என்றார்.

பாட்டி விடவில்லை. “உன் பெண்டாட்டி இப்போ எழுதப் படிக்கப் படிச்சிருக்காளே. அவளை எழுதச் சொல்லு மக்கா. வெடிக்குச் செலவாக்குற காசுல ஒரு போட்டோ எடுத்து வை.”

அன்று மாலை அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். ஊர்ப் பெயர், நில அளவு, அழிந்த மூடுகளின் எண்ணிக்கை, நாள் எல்லாவற்றையும் எழுதினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். பெருவிரலுக்கு மை தேவைப்படவில்லை.

சிந்திப்போம், பேசுவோம்

1. யானை ஒரு நாளில் எவ்வளவு தின்னும்? அது ஏன் இவ்வளவு தின்ன வேண்டியிருக்கிறது?

2. உங்கள் ஊருக்கு எந்தெந்த விலங்குகள் வருகின்றன? எதைத் தேடி வருகின்றன?

3. வவ்வால் கடித்த பழத்தை ஏன் தின்னக் கூடாது?

4. உங்கள் ஊரில் கழிவு கொட்டும் இடம் எங்கே இருக்கிறது? அதை மாற்ற என்ன செய்யலாம்?

5. பயிர் இழப்பீடு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிப் பாருங்கள்.